எஞ்சினுக்கு என்ன நிறம்

“அம்மிணி, இந்த எஞ்சின் பச்சைங்களா, சாம்பலுங்களா?”

கருணாம்பிகை காருக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். பதிலும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

“எனக்கெப்படித் தெரியுமுங்ண்ணா? நான் அப்பப் பொறக்கவே இல்லியே.”

அர்த்தநாரிக்கு இது ஒரு பதிலாகப் படவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் எதிர்த்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பீளமேட்டில் மோட்டார் பம்ப் கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். கருணாம்பிகைக்கு நாற்பதுகூட இருக்காது. சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பட்டறை இருந்தது. செத்துப்போன பழைய கார்களை உயிரோடு திருப்பி அனுப்புகிறவள் என்று கோயமுத்தூர் முழுக்கப் பேர்.

வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களை அவள் சேர்ப்பதில்லை. கூடவே நின்று கை அழுக்காக்கிக்கொள்கிறவர்களுக்குத்தான் இடம். அர்த்தநாரி அப்படித்தான் சீடரானார். இந்த வயசில் ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் போய் ஸ்பேனர் பிடிக்கப் படிக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கிருந்த கவலை வேறு.

அவருடைய கார் ஒரு வின்ஸ்லோ. அவர் பிறப்பதற்கு முன்பே சீமையிலிருந்து கப்பலில் வந்தது. முதலில் ஒரு மில் முதலாளியிடம் இருந்தது, அப்புறம் ஒரு டாக்டரிடம், அப்புறம் இவரிடம். போன வருஷம் பழைய கார்களின் கண்காட்சிக்கு அதை ஓட்டிப் போனார். எஞ்சின் பளபளக்கட்டுமே என்று வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்.

அங்கே நடுவர் திருவேங்கடம். அவரும் மில் குடும்பம்தான். அவருடைய அப்பாவின் வின்ஸ்லோ போட்டியில் சேராமல், மரியாதைக்காக மைதானத்தின் வாசலில் பானெட்டைத் திறந்தபடி நிற்கும். பச்சை எஞ்சின். அதில் ஒரு முருகன் தகடு, தகட்டுக்குப் பூமாலை.

திருவேங்கடம் அர்த்தநாரியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக மூடினார்.

“ஏனுங்க, எஞ்சினுக்குப் போய் சன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்டை அடிச்சிருக்கீங்களே?”

கெட்ட எண்ணத்தோடு கேட்டவர் இல்லை. ஆனால் கையில் மைக் இருந்தது. மைதானமே சிரித்தது.

அர்த்தநாரி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. மனைவி தங்காத்தாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

இன்னொரு தடவை போங்க, நான் தடுக்கலை என்றாள். ஆனால் மறுபடியும் இப்படி வந்து படுத்தால் வண்டியை விற்றுவிட வேண்டும், எனக்குப் புருஷன் வேணும் என்றாள். அர்த்தநாரி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்.

அதனால்தான் இந்தக் கேள்வி. பச்சையா, சாம்பலா.

*

நிறத்தைப் பற்றி அவர் கேட்காத ஆள் இல்லை. கண்காட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் பச்சை என்றார்கள். கல்கத்தாவில் இதே வண்டி வைத்திருந்த ஒருவர் போனில் சாம்பல் என்று அடித்துச் சொன்னார். சீமையிலிருந்து ஒருவர், அந்தக் கம்பெனி வருஷத்துக்கொரு நிறம் அடித்தது, நீயே பார்த்துக்கொள் என்று எழுதினார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிஞ்சியது.

வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு சங்கடம் நடந்தது.

எஞ்சினை வெளியே தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தார்கள். அதன் விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, அதில் பிள்ளையார். இரண்டு திருகாணியில் நின்றார். கருணாம்பிகை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து ஸ்க்ரூடிரைவரை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். அர்த்தநாரி பதறி அவள் கையைப் பிடித்துவிட்டார்.

“எல்லாத்தையும் கழட்டுங்க அம்மிணி. இதுல மட்டும் கை வைக்க வேண்டாம். கப்பல்ல இருந்து எறங்கின அன்னிக்கே மில் மொதலாளி வச்ச புள்ளையாரு. இத்தனை வருசத்துல ஒருத்தரும் தொட்டதில்லீங்க.”

கருணாம்பிகை தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

“சரிங்ண்ணா.”

அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

*

“நிறத்தை எங்கீங்க அம்மிணி தேடறது?”

கருணாம்பிகை பிள்ளையார் தகட்டை விரலால் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பக்திமான்தான் என்று அர்த்தநாரி மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அவரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

தேய்க்கத் தொடங்கினார். முதலில் போனது அவர் அடித்த வெள்ளி. அதைத் தேய்த்துத் தள்ளும்போது மனசுக்கு இதமாக இருந்தது. அதற்கடியில் கறுப்பு, டாக்டர் காலத்தது. கறுப்புக்கு அடியில் பச்சை.

பச்சைக்கு அடியில் வெறும் இரும்பு.

அர்த்தநாரிக்குக் காலே தரையில் பாவவில்லை. பட்டறைக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பச்சைதான் அம்மிணி, இரும்பு மேல நேராப் பச்சை, இதுக்கு முந்தி ஒண்ணுமே இல்லை, கண்காட்சிக்காரங்க சொன்னதுதான் சரி என்று மூச்சு விடாமல் சொன்னார்.

கருணாம்பிகை வந்தாள். குனிந்து, பச்சை போன இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க பாருங்க.”

பார்த்தார். இரும்பில் மெல்லிய கீறல்கள். குறுக்கும் நெடுக்குமாக.

“இது நான் இப்பத் தேச்சதுங்க.”

“பச்சை இன்னும் போகாத எடத்துல சுரண்டிப் பாருங்க.”

கத்தி முனையால் பச்சையைச் செதிலாகப் பெயர்த்தார். அதற்கடியிலும் கீறல். இவருடைய உப்புத்தாள் தொடாத இடத்திலும் கீறல்.

“புது எஞ்சினை எவனாவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பானுங்களாண்ணா?”

அர்த்தநாரி அங்கேயே ஒரு கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். யோசிக்க யோசிக்க விஷயம் விளங்கியது. மில்லில் ஆயுத பூஜை வந்தால் மெஷினையெல்லாம் சுரண்டித் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். அவர் பம்ப் விற்கப் போன மில்களில் அவரே பார்த்திருக்கிறார். மெஷின்களுக்கெல்லாம் அதே பச்சைதான். டப்பாவில் மிச்சம் இருந்ததை ஃபிட்டர் முதலாளி வண்டிக்கும் அடித்திருக்கிறான். அரைகுறையாகச் செய்யாமல் இரும்பு வரைக்கும் தேய்த்துவிட்டு அடித்திருக்கிறான், பாவி.

ஊரில் வந்து இறங்கிய வின்ஸ்லோ எல்லாம் மில்காரர்களுடையவை. அதனால்தான் ஊர் முழுக்க அதைப் பச்சை என்கிறது.

“அப்ப அசல் நெறம் போயே போச்சுங்களா அம்மிணி?”

கருணாம்பிகை பிள்ளையாரைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போனாள்.

இந்த முறை அவருக்கு மெச்சத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

*

பிறகு அவர் தேடாத இடம் இல்லை. எஞ்சினைத் தாங்கும் கால்களுக்குப் பின்னால் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக உறைந்த மூலைகளைச் சுரண்டிப் பார்த்தார். எங்கும் பச்சை, பச்சைக்கடியில் கீறல். அந்த மில் ஃபிட்டரின் வேலைத் திறமையை நினைத்தால் வயிறு எரிந்தது.

கேட்ட போதெல்லாம் கருணாம்பிகை பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைவிரித்துவிட்டாள், கடவுள் விட்ட வழி என்கிறாள் என்று அர்த்தநாரி எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் சிநேகிதர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். எதுக்குங்க இந்தப் பாடு, பேசாமல் பச்சையை அடியுங்க, நடுவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் மார்க்கு, வண்டியும் வீட்டிலேயே இருக்கும் என்று யோசனை சொன்னார். அதில் நியாயம் இருந்தது. மறுநாள் அர்த்தநாரி ஒரு டப்பா பச்சையோடு வந்தார்.

கருணாம்பிகை முகம் சுளிக்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து நீட்டினாள்.

“அடிங்கண்ணா. உங்க வண்டி.”

அவர் பிரஷ்ஷைத் தோய்த்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கே கீறல்கள் தெரிந்தன. திருவேங்கடத்தை ஏமாற்றிவிடலாம், ஊரை ஏமாற்றிவிடலாம். ஆனால் தினமும் பானெட்டைத் திறக்கப்போகிறவர் அவர்தான்.

பெயிண்ட் அவர் செருப்பில் சொட்டியது. டப்பாவை மூடிவிட்டார்.

“வேண்டாமுங்க அம்மிணி. வித்தாலும் வித்துட்டுப் போறேன். தெரிஞ்சே பொய் அடிக்க முடியாது.”

கருணாம்பிகை அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

*

ஆயுத பூஜை வந்தது.

பட்டறையைக் கழுவிவிட்டு வாசலில் வாழைக்கன்று கட்டினார்கள். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து ஒரு சிவப்புத் துணியில் வரிசையாகப் பரப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரியும் கடலையும் தாம்பாளத்தில் காத்திருந்தன. அர்த்தநாரி தன் எஞ்சினின் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தி, இந்த ஒரு வருசம் மட்டும் காப்பாத்து என்று மனமுருகி வேண்டிக்கொண்டார்.

கருணாம்பிகை ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். அதைத் துணியில் வைக்காமல் பிள்ளையார் தகட்டுக்கு நேர் கீழே வைத்தாள்.

தவறி வைத்துவிட்டாள் என்று அர்த்தநாரி அதை எடுத்து வரிசையில் வைத்தார்.

அவள் மறுபடியும் எடுத்துப் பிள்ளையாருக்குக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க அம்மிணி, ஆயுதத்தைக் கொண்டாந்து சாமிகிட்ட வைக்கறீங்க?”

“இன்னிக்கு இதுவும் சாமிதானுங்ண்ணா.”

கற்பூரம் ஏற்றினார்கள். அர்த்தநாரி கைகூப்பி நின்றார். கண்ணுக்கு நேரே தகட்டிலும் அதே சந்தனம், ஸ்க்ரூடிரைவரிலும் அதே சந்தனம். கற்பூர வெளிச்சத்தில் தகட்டின் இரண்டு திருகாணிகளும் பளிச்சென்று தெரிந்தன. எந்த ஸ்க்ரூடிரைவரும் கடித்த அடையாளம் அவற்றில் இல்லை.

கப்பலிலிருந்து இறங்கிய அன்றைக்கே வைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் தொட்டதில்லை. இதைச் சொன்னது யார்? அவரேதான்.

மில் ஃபிட்டரும் கும்பிடுகிறவன்தானே. டாக்டரின் பெயிண்டரும்தான். எல்லாரும் சாமியைச் சுற்றித்தானே தேய்த்திருப்பார்கள், சுற்றித்தானே அடித்திருப்பார்கள்.

கை தானாக ஸ்க்ரூடிரைவருக்குப் போனது.

கருணாம்பிகை தடுத்தாள்.

“பூசை நாளுங்ண்ணா. இன்னிக்கு எடுக்கக் கூடாது. விடிஞ்சா விசயதசமி.”

அன்றிரவு அவர் தூங்கினார் என்று சொன்னால் தங்காத்தாளே நம்பமாட்டாள்.

*

காலையில் குளித்து, திருநீறு பூசி, கதவு திறக்கும் முன்பே பட்டறை வாசலில் நின்றார்.

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்க்ரூடிரைவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருகாணியில் வைத்தார். முதலாவது முனகிக்கொண்டே வந்தது. இரண்டாவது அடம்பிடித்தது. கருணாம்பிகை ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள், அதுவும் வந்தது. தகட்டைப் பூப்போல எடுத்து வாழையிலையில் வைத்தார்.

கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

கருநீலமோ, வான்நீலமோ இல்லை. வெள்ளை வேட்டிக்குச் சொட்டுநீலம் கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்த நிறம். ஒரு கீறல் இல்லை, ஒரு திட்டு இல்லை. சீமையில் எவனோ நேற்று அடித்துவிட்டுக் கை கழுவப் போனதைப் போல இருந்தது.

அர்த்தநாரி அழுதார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன் வாய்விட்டு அழுதார், அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்சம் தேறியதும் கேட்டார்.

“மொத நாளே சொல்லியிருக்கலாமில்லீங்களா அம்மிணி?”

“கை வைக்கக் கூடாதுன்னீங்க. சரின்னுட்டேன்.”

“அதுக்காக இத்தனை நாளா வாயைத் தொறக்காம இருந்தீங்களா?”

“தெனமும் சொன்னனே.”

அவள் விரல் தகடு இருந்த இடத்தைத் தொட்டது, கண்ணுக்குப் போனது.

*

அந்த நீலத்தைக் கலந்து எடுப்பதற்குள் அர்த்தநாரி அரை ஆளாகிவிட்டார். பம்ப்புக்கு அடிக்கிற நீலத்தில் வெள்ளையைச் சேர்த்து, மறுபடி சேர்த்து, தகட்டடி நிறத்தோடு வைத்து வைத்துப் பார்த்தார். பொருந்தியதும் எஞ்சின் முழுக்க அடித்தார். உள்ளங்கை அகல இடத்தை மட்டும் தொடவில்லை. அதன் மேல் பிள்ளையாரைப் பழையபடி வைத்துத் திருகினார்.

தங்காத்தாள் வந்து பார்த்தாள். குழந்தை தொட்டில் மாதிரி இருக்குதே, இதுக்குப் பச்சையே தேவலை என்றாள். சத்தியத்தை ஞாபகப்படுத்தவும் மறக்கவில்லை.

ஞாபகம் இருக்குது என்றார் அர்த்தநாரி.

கண்காட்சி நாளில் பானெட்டைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போன வருஷம் சன்னல் கம்பி, இந்த வருஷம் சொட்டுநீலம் என்று ஒருவர் சொன்னது அவர் காதில் நன்றாக விழுந்தது. தங்காத்தாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருணாம்பிகை தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள்.

திருவேங்கடம் வந்தார். எட்டிப் பார்த்தார். இந்த முறை மைக்கை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில்தான் பேசினார்.

“மனசுல வச்சுக்காதீங்க. வேலை அருமை. ஆனா வின்ஸ்லோன்னா பச்சைங்க. எங்க அப்பாரு வண்டிய நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன்.”

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பூஜைச் சந்தனம் அதன் பிடியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. பிள்ளையார் திருகாணியில் வைத்தார்.

“ஏனுங்க, சாமியில போய்...” என்று திருவேங்கடம் அவர் கையைப் பிடித்தார்.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்தது. தான் இதே மாதிரி ஒரு கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது.

“சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. கொஞ்சம் விடுங்க.”

தகடு வந்தது.

திருவேங்கடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பழைய நீலத்தைப் பார்த்தார், புது நீலத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். எது எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பச்சைக்கடியில் இருந்த கீறலைப் பற்றியும் மில் ஆயுத பூஜையைப் பற்றியும் அர்த்தநாரி சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

சிரித்தவர்கள் எல்லாம் இப்போது முண்டியடித்துப் பார்த்தார்கள்.

திருவேங்கடம் நிமிர்ந்தார். உதவியாளரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“போன வருசம் இந்த எடத்துல நின்னு இவரைப் பாத்துச் சிரிச்சோம். இந்த ஊர்ல வின்ஸ்லோவோட அசல் நெறத்தைப் பாத்தவர் இவர் ஒருத்தர்தான். மொதப் பரிசு இவருக்கு.”

கைதட்டல் மைதானத்தைத் தூக்கியது. அர்த்தநாரி கூட்டத்தில் தங்காத்தாளைத் தேடினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“தொட்டில் மாதிரிதான் இருக்குது. நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்.”

அவருக்கு அதுதான் பெரிய பரிசு. வேப்பமரத்தைப் பார்த்தார். கருணாம்பிகை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது, இவர் கண்டுகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் திருவேங்கடம் நகரவில்லை. வாசலில் நிற்கும் தன் அப்பாவின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக் இல்லாமல், யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

“அப்ப எங்க அப்பாரு வண்டி என்ன நெறமுங்க?”

அர்த்தநாரி வாசலுக்கு நடந்தார். பச்சை எஞ்சினில் அன்றைக்குச் சாத்திய மாலையோடு முருகன் இருந்தார். அர்த்தநாரி தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தனம் காய்ந்த ஸ்க்ரூடிரைவரை அதற்கு நேர் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

திருவேங்கடம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.